ஹூஸ்டன் வம்சம்

ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில், ரென்ஃப்ரூஷயரில், 12ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலம் பெற்று ஏறத்தாழ 600 ஆண்டுகள் அதே மண்ணில் இருந்த, நைட் எனப்படும் குதிரைப்படை வீரர் குடும்பம். ஹியூ என்ற வீரர் பெற்ற நிலத்தில் எழுந்த ஊர் ஹியூவின் பெயரால் அழைக்கப்பட்டது. பிறகு அந்த ஊரின் பெயரே அவர் பரம்பரையின் குடும்பப் பெயராயிற்று. நியூயார்க்கின் ஹூஸ்டன் தெரு, ஜார்ஜியாவின் ஹூஸ்டன் கவுண்டி, டெக்சஸின் ஹூஸ்டன் மாநகரம் ஆகிய மூன்றும் இந்தப் பெயரைத் தாங்கியவை. முதல் இரண்டுக்கும் ரென்ஃப்ரூஷயர் குடும்பத்தோடு உள்ள உறவு ஆவணப்படி உறுதியானது. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, அவ்வளவு உறுதியானதல்ல.

தமிழ் வாசகர் இந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. ஹூஸ்டன் நகரத்தின் தென்மேற்கில் ஹில்கிராஃப்ட் அவென்யூவை ஒட்டிய கடைத்தெருவுக்கு மாநகரம் 2010இல் ‘மகாத்மா காந்தி மாவட்டம்’ என்று பெயர் சூட்டியது. சேலைக்கும் நகைக்கும், வாரக்கடைசி மளிகைக்கும் மசால் தோசைக்கும் அங்கே போய்வரும் தமிழர்கள் ஒரு மேற்கத்திய வீரக் குடும்பத்தின் பெயரைத் தங்கள் முகவரியில் தினமும் எழுதுகிறார்கள். இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாதது. அந்தக் குடும்பத்தின் பூர்வீக நிலம் கடைசியில் கைமாறியது சென்னையில் சேர்த்த பணத்துக்கு.

நிலம் கிடைத்த விதம்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, குதிரைப்படை வீரருக்கு நிலம் கொடுத்துச் சேவகம் பெறும் முறை அந்நாடு முழுதும் பரவியது. ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் (ஆட்சி 1124–1153) இளமையில் இங்கிலாந்து அரசவையில் வளர்ந்தவர். படையெடுப்பு எதுவும் இல்லாமலேயே அந்த முறையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். நார்மன், பிரெட்டன், ஃபிளெமிஷ் வீரர்களை அழைத்து நிலம் கொடுத்தார். சோழர் கல்வெட்டுகளில் படைப்பற்று, ஜீவிதப்பற்று என்று வருவதையும் விஜயநகர காலத்து அமர மானியத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. நிலத்தின் வரும்படி உனக்கு, அதற்கு ஈடாக இத்தனை வீரரோடு வந்து நிற்க வேண்டியது உன் கடமை என்பதுதான் ஏற்பாடு.

அப்படி வந்தவர்களில் முக்கியமானவர் வால்ட்டர் ஃபிட்ஸ்ஆலன். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து வந்து அரண்மனை நிர்வாகத்தின் தலைமைப் பதவியான ‘ஸ்டூவர்டு’ பதவியையும் ரென்ஃப்ரூ பகுதியையும் பெற்றார். பதவிப் பெயரே அவர் சந்ததியின் பெயராகி, பிற்காலத்தில் ஸ்டூவர்ட் அரச வம்சமாயிற்று. 1163 வாக்கில் அவர் பெய்ஸ்லியில் ஒரு மடாலயத்தை நிறுவி, தன் சொந்த ஷ்ராப்ஷயரின் வென்லாக் மடத்திலிருந்து துறவிகளை வரவழைத்தார். ஹூஸ்டன் குடும்பத்தின் தொடக்க வரலாறு நமக்குக் கிடைப்பதற்கு அந்த மடத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வால்ட்டருக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களில் லானர்க் பகுதியின் ஷெரீஃப் பால்ட்வின் ஒருவர். பிகர் என்ற ஊரின் பிரபு. அவரிடமிருந்து, பிறகு ஹூஸ்டன் எனப்பட்ட கில்பீட்டர் என்ற நிலத்தைப் பெற்றவரே பாட்வினன் ஊர் ஹியூ. நான்காம் மால்கம் ஆண்ட காலம் (1153–1165) அது. பாட்வினன் என்பது லானர்க்‌ஷயரில் இன்று பெட்டினெய்ன் எனப்படும் ஊர். ஆக மன்னருக்குக் கீழே ஸ்டூவர்டு, அவருக்குக் கீழே பிகர் பிரபு, அவருக்குக் கீழே ஹியூ. பெரிய பிரபுக்களின் பட்டியலில் வரக்கூடியவர் அல்லர். ஒரு சிறு நிலப்பரப்பும் ஒரு தேவாலயமும் ஒரு கோட்டை வீடும் உள்ள நைட் என்பதே சரியான மதிப்பீடு. பிற்காலத்துக் குடும்பக் கதைகள் அவரை இதைவிட உயரத்தில் வைக்கின்றன. அதற்கு ஆவணத்தின் துணை இல்லை.

மடத்து ஏடுகள் சொல்வது

பெய்ஸ்லி மடம் தனக்குக் கிடைத்த நிலக்கொடைச் சாசனங்களையெல்லாம் ஒரே ஏட்டில் படியெடுத்து வைத்தது. 1832இல் கிளாஸ்கோவின் மெய்ட்லண்ட் சங்கம் அதை அச்சிட்டது. இந்த வகைச் சாசனத்தின் கடைசியில் சாட்சிகளின் பெயர் வரிசை வரும். நம் கோயில் கல்வெட்டுகளின் இறுதியில் ‘இப்படி அறிவேன்’ என்று ஊரார் ஒவ்வொருவராகச் சொல்லி முடிப்பதைப் போன்றது அது. கொடை கொடுத்தவர் யாராக இருந்தாலும், பக்கத்து நிலத்துக்காரர் சாட்சியாக நின்றார். ஹியூவும் அவர் பின்வந்தவர்களும் முதலில் நமக்குத் தென்படுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஹியூவின் மகன் ரெஜினால்டு. ரெஜினால்டின் மகன் மீண்டும் ஒரு ஹியூ. பிகர் குடும்பத்து வால்தேவின் மகன் ராபர்ட்டிடமிருந்து பெற்றுவந்த நிலத்தை, 13ஆம் நூற்றாண்டில் அப்போதைய ஸ்டூவர்டான இன்னொரு வால்ட்டர் இந்த இரண்டாம் ஹியூவுக்கு உறுதிசெய்து கொடுத்தார். பாட்டனிடமிருந்து பேரன் வரை மூன்று தலைமுறை நிலத்தின் வழியாகவே கட்டப்படுகிறது. எந்த வம்சாவளி ஆய்வாளரும் தேடுவது இத்தகைய உறுதிச் சாசனத்தைத்தான். ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்று சொல்வதோடு, எந்த உரிமையால் அந்த நிலத்தில் இருக்கிறார் என்பதையும் அது ஒரே வரியில் சொல்லிவிடும்.

அடுத்த பெரிய சான்று ஒரு தோல்வியின் பட்டியல். 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தை முறியடித்து, நிலம் வைத்திருந்த அத்தனை பேரையும் தனக்குப் பணிந்து உறுதிமொழி கொடுக்கச் செய்தார். ராக்மன் ரோல் எனப்படும் அந்த நீண்ட சுருளில் ஹூஸ்டன் ஊர் ஃபின்லே என்ற பெயர் இருக்கிறது. பணிந்தவர்களின் பட்டியல் என்பதால் ஸ்காட்லாந்து மக்களுக்கு அது அவமானச் சின்னம். வம்சாவளி ஆய்வாளர்களுக்கோ 13ஆம் நூற்றாண்டின் மிக விரிவான நிலவுடைமையாளர் கணக்கு. பல குடும்பங்களின் இருப்பு நமக்கு உறுதிப்படுவதே அந்தச் சுருளால்தான்.

அதற்குப் பிறகு சர் பேட்ரிக், சர் பீட்டர், சர் ஜான் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஹூஸ்டன் தேவாலயத்தில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சர் பேட்ரிக்கும் அவர் மனைவி ஆக்னஸ் கேம்பலும் கல்லில் படுத்த நிலையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நான்காம் ஜேம்ஸ் மன்னரோடு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் பலர் மடிந்த 1513ஆம் ஆண்டு ஃப்ளாடன் போரில் சர் பீட்டர் வீழ்ந்ததாகக் குடும்ப வரலாறு. குடும்பம் இன்னும் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தபோதே, 1710இல் ரென்ஃப்ரூ பகுதியைப் பற்றி நூல் எழுதிய ஜார்ஜ் கிராஃபர்டுதான் இந்த வரிசையை முதலில் ஒழுங்குபடுத்தியவர். பின்னால் எழுதிய எல்லோரும் அவரைப் பின்பற்றியவர்களே. அவர் தவறியிருந்த இடத்தில் அவர்களும் தவறினார்கள்.

ஒரே பெயர் மாறி மாறி வருவது எளிய சிக்கலல்ல. பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் நம் வழக்கமும் இதே குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியதால், ஆட்சியாண்டு மட்டும் உள்ள ஒரு கல்வெட்டு எந்த மன்னனுடையது என்று தீர்மானிக்க எழுத்தமைதியையும் உடன் வரும் பெயர்களையும் துழாவ வேண்டியிருக்கிறது. இரண்டு பேட்ரிக்குகளை ஒருவராக்கிவிட்டால் ஒரு தலைமுறை காணாமல் போகும். ஒருவரையே இருவராக்கினால் இல்லாத தலைமுறை முளைக்கும்.

நம் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கிய குடும்பம் கொடும்பாளூர் இருக்குவேளிர். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு வானதியின் ஊர். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில், மூவர் கோயிலின் நடு விமானச் சுவரில் உள்ள வடமொழிக் கல்வெட்டு அந்தக் குடும்பத்தின் பல தலைமுறைகளை வரிசைப்படுத்துகிறது. வாதாபியை வென்றவனாகப் பரதுர்க்கமர்த்தனனையும், அவன் வழியில் சமராபிராமனையும், கோயிலை எடுப்பித்த பூதி விக்கிரமகேசரியையும் அது சொல்கிறது. மூன்று விமானங்களும் பூதியின் பெயராலும் கற்றளி, வரகுணை என்ற அவன் தேவியர் இருவர் பெயராலும் எழுந்தவை. இன்று நிற்பவை இரண்டு. கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துவிட்டது; ஆண்டுக் குறிப்பும் இல்லை. பூதி வாழ்ந்தது முதலாம் ஆதித்தன் காலத்திலா, சுந்தர சோழன் காலத்திலா என்று அறிஞர்கள் நீண்டகாலம் வாதிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. பெய்ஸ்லி மடத்து ஏடு இல்லாதிருந்தால் ஹூஸ்டன் குடும்பத்தின் நிலையும் இதுதான்.

கேடயமும் கட்டுக்கதையும்

ஹூஸ்டன் குடும்பத்தின் கேடயச் சின்னம் பொன்னிறத் தளத்தில் அமைந்தது. நடுவில் நீலமும் வெள்ளியுமாகக் கட்டம் போட்ட ஒரு கூம்புப் பட்டை. அதைச் சுற்றி மூன்று கருநிறத் தகைவிலான் குருவிகள், கால்கள் இல்லாமல் வரையப்பட்டவை. மேலே சிகரமாக ஒரு மணல் கடிகாரம். ‘உரிய நேரத்தில்’ என்பது குடும்ப வாசகம்.

இதில் சான்றும் கதையும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நீலமும் வெள்ளியும் கலந்த கட்டப் பட்டை ஸ்டூவர்டுகளின் அடையாளம். ரென்ஃப்ரூவில் அவர்களுக்குக் கீழ் நிலம் வைத்திருந்த பல குடும்பங்கள் அதைத் தங்கள் கேடயத்தில் ஏற்றுக்கொண்டன. ஆகவே அந்தக் கட்டங்கள், ஏட்டில் உள்ள நில உறவை வண்ணத்தில் திரும்பச் சொல்கின்றன. மணல் கடிகாரத்துக்கும் வாசகத்துக்கும் குடும்பத்தார் சொல்லும் விளக்கம் வேறு. போர்க்களத்தில் மால்கம் மன்னர் தோற்கும் தறுவாயில் முன்னோர் ஒருவர் சரியான நேரத்துக்கு வந்து காப்பாற்றினாராம். எந்த மால்கம் என்று கேட்டால் சிலர் 11ஆம் நூற்றாண்டு மன்னரைச் சொல்வார்கள், சிலர் 12ஆம் நூற்றாண்டு மன்னரை. வாசகத்தைப் பார்த்துப் பின்னால் புனைந்த கதை என்பதற்கு அந்தத் தடுமாற்றமே போதும்.

ஸ்டூவர்டுகளின் வம்சாவளியிலேயே இதைவிடப் பெரிய புனைவு நெடுங்காலம் வாழ்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஹெக்டர் போயஸ் என்ற வரலாற்றாசிரியர் பாங்க்வோ என்ற பிரபுவை அவர்களின் முன்னோராக ஆக்கினார். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் வரும் பாங்க்வோ அவர்தான். அப்படி ஒருவர் இருந்ததற்கே சான்றில்லை. 1901இல் ஜே. ஹோரஸ் ரவுண்டு என்ற ஆங்கில அறிஞர், வால்ட்டர் ஃபிட்ஸ்ஆலனின் முன்னோர் பிரிட்டனி நாட்டின் டோல் ஊரிலிருந்து வந்த குடும்பம் என்று ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்கள் பலவற்றின் பொய் வம்சாவளிகளைக் கிழித்தெறிந்தவர் அவர். மத்தியகால வம்சாவளி ஆய்வு இன்று நம்பத்தக்க ஒரு துறையாக இருப்பதில் அவருடைய கடுமைக்குப் பெரும் பங்குண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1530 முதல் 1688 வரை அரச அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், கேடயம் சூடுவோரின் உரிமையைச் சோதித்துப் பதிந்தார்கள். ஸ்காட்லாந்தில் லயன் பிரபுவின் அலுவலகம் 1672இல் பதிவேடு தொடங்கியது, இன்றும் நடத்துகிறது. இரண்டு நாட்டு முறையிலும் கேடயம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. ‘உங்கள் குடும்பப் பெயரின் கேடயம்’ என்று சட்டம் போட்டு விற்கப்படும் படங்களுக்கு இந்த முறையில் எந்த மதிப்பும் கிடையாது. பணம் கொடுத்து வாங்கி மாட்டுபவர் ஏமாற்றப்படுகிறார்.

சென்னையில் சேர்ந்த பணம்

1668இல் குடும்பத் தலைவர் சர் பேட்ரிக்குக்கு பாரனெட் பட்டம் கிடைத்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் பட்டம் அது. பட்டம் கூடியதற்கு நேர்மாறாகப் பொருளாதாரம் சரிந்தது. மூன்று தலைமுறைக்குள், 1740 வாக்கில், ஹூஸ்டன் நிலம் விற்கப்பட்டது. ஒரு கை மாறி அது போய்ச் சேர்ந்த இடம் ஜேம்ஸ் மெக்ரேயின் குடும்பம்.

மெக்ரே 1725 ஜனவரி முதல் 1730 மே வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். எர்ஷயரில் மிக வறிய வீட்டில் பிறந்தவர். தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர். சிறு வயதிலேயே கடலோடப் போனார். 1720இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கசாண்ட்ராவின் தலைவராக இருந்தபோது, கொமோரோ தீவுகளில் எட்வர்டு இங்கிலாந்து என்ற கடற்கொள்ளையனோடு மணிக்கணக்கில் போரிட்டார். கப்பலை இழந்தும், பிறகு துணிந்து கொள்ளையரிடமே போய்ப் பேசி உயிரோடு மீண்டார். அந்தத் துணிச்சல் கம்பெனியில் அவரை உயர்த்தியது. அவர் ஆளுநராக இருந்தபோதுதான் 1726இல் பெஞ்சமின் ஷுல்ட்ஸே தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து மிஷன் தொடங்கினார்; மேயர் நீதிமன்றத்துக்கான அரச சாசனமும் அதே ஆண்டு பிறந்தது.

கம்பெனி ஆளுநர்கள் சம்பளத்தால் பணக்காரர் ஆனவர்கள் அல்லர். சொந்தக் கணக்கில் நடத்திய வணிகம்தான் அவர்களை வளர்த்தது. சோழமண்டலக் கரையின் துணி அந்த வணிகத்தின் உயிர். மெக்ரே பெருஞ்செல்வத்தோடு 1731இல் ஸ்காட்லாந்து திரும்பினார். கிளாஸ்கோ நகரத்துக்கு மூன்றாம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலையைக் கொடுத்தார். சொந்தப் பிள்ளைகள் இல்லாததால், தன் தாயை வறுமையில் ஆதரித்த தச்சரும் பிடில் வாசிப்பவருமான ஹியூ மெக்குவயரின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்றார். மூத்த பெண் எலிசபெத் கிளென்கேர்ன் பிரபுவை மணந்தாள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்குப் பேருதவி செய்த கிளென்கேர்ன் பிரபு அவள் மகன். மெக்குவயரின் மகன் மெக்ரே என்ற பெயரை ஏற்று ஹூஸ்டன் நிலத்தைப் பெற்றான். 600 ஆண்டு நைட் வம்சத்தின் கோட்டை ஒரு தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு வந்தது. வறுமையில் உதவிய கைக்கு ஒருவர் இப்படி நன்றி காட்டியதை இந்த வரலாறு முழுவதிலும் மிக நல்ல செய்தியாகக் கருதுகிறேன்.

1780இல் மெக்ரே குடும்பம் பழைய கோட்டை வீட்டின் பெரும்பகுதியை இடித்தது. அந்தக் கற்களைக் கொண்டு புதிய ஹூஸ்டன் கிராமத்தின் வீடுகள் கட்டப்பட்டன. குடியேறியவர்கள் நெசவாளர்கள். சென்னையில் மெக்ரேக்கு அடுத்து வந்த ஆளுநர் மார்ட்டன் பிட் 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. ஒரு கரையில் கூவம் ஆற்றின் வளைவில் தறிகள், மறுகரையில் நைட்டுகளின் கோட்டைக் கற்களுக்குள் தறிகள். பின்னாளில் பிரிட்டன் ஆலைப் பருத்தித் துணி வந்து நம் கைத்தறியின் சந்தையையே பறித்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1780களில் நிலம் கிளாஸ்கோ புகையிலை வணிகரான ஸ்பியர்ஸ் குடும்பத்துக்குப் போனது.

பட்டம் மட்டும் ஜார்ஜியா போனது

நிலம் கைமாறினாலும் பாரனெட் பட்டம் இரத்த வழியில்தான் போகும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மூத்த கிளை வாரிசின்றி முடிந்தபோது, பட்டம் அட்லாண்டிக் கடந்து ஜார்ஜியாவில் குடியேறியிருந்த சர் பேட்ரிக்குக்குச் சென்றது. அவருடைய மகன்களில் ஜான், அமெரிக்கப் புரட்சியின்போது ஜார்ஜியாவின் ஆளுநர். 1790இல் சவானா நகரின் முதல் மேயர். ஹூஸ்டன் கவுண்டி அவர் பெயரால் அமைந்தது. தம்பி வில்லியம் 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்கு ஜார்ஜியாவின் பிரதிநிதி. நியூயார்க்கின் நிக்கோலஸ் பேயார்டின் மகளை மணந்தார். மாமனார் தன் நிலத்தின் வழியே போட்ட தெருவுக்கு மருமகன் பெயரை வைத்தார். மன்ஹாட்டனில் அதை ‘ஹௌஸ்டன்’ என்பார்கள். இந்தக் கிளையின் ஒவ்வொரு கண்ணிக்கும் உயிலோ பட்டப் பதிவோ நிலப்பத்திரமோ இருக்கிறது.

சாம் ஹூஸ்டன்

டெக்சஸ் நகரத்துக்குப் பெயர் தந்த சாம் ஹூஸ்டன் 1793 மார்ச் 2 அன்று வர்ஜீனியாவின் டிம்பர் ரிட்ஜில் பிறந்தார். கொள்ளுப்பாட்டன் ஜான் 1735 வாக்கில் அயர்லாந்தின் உல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்தவர். உல்ஸ்டருக்கு முன்? 1609க்குப் பிறகு ஆங்கில அரசு நடத்திய குடியேற்றத்தில் ரென்ஃப்ரூ, எர் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் உல்ஸ்டருக்குப் போனார்கள். ஜானின் முன்னோர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். சாமின் வாழ்க்கை வரலாறுகளில் பல அவரை நேரே நைட் ஹியூவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஆனால் ரென்ஃப்ரூவின் குடும்பத் தலைவர்களோடு உல்ஸ்டர் ஹூஸ்டன்களை இணைக்கும் தந்தை–மகன் ஆவணம் இல்லை. பிரபுவின் நிலத்தில் குடியிருந்த உழவர்கள் ஊர்ப் பெயரையே தங்கள் பெயராகக் கொள்வது அங்கே சாதாரணம். அயர்லாந்திலும் மேட்டுநில ஸ்காட்லாந்திலும் முற்றிலும் வேறான கேலிக் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஹூஸ்டன் ஆனதுண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரத்தம் ஒன்று என்று சொல்ல முடியாது. தந்தை வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டால் ஒரே பெயர்க்காரர்கள் ஒரே மூலத்தவரா என்று பார்க்கலாம். எந்தத் தலைமுறையில் பிரிந்தார்கள் என்பதை ஏடுதான் சொல்ல முடியும்.

சாமுக்கு இரத்தத்தால் வராத ஓர் உறவும் இருந்தது. பதின்ம வயதில் வீட்டைவிட்டு ஓடி, அமெரிக்கப் பழங்குடியினரான செரோகி மக்களோடு வாழ்ந்தார். அவர்களின் தலைவர் ஊலுதேகா அவரை மகனாக ஏற்று, அண்டங்காக்கை என்று பொருள்படும் பெயர் வைத்தார். 1829இல் செரோகி நாடு அவருக்குக் குடியுரிமையே வழங்கியது. டென்னசி ஆளுநர் பதவியைத் துறந்துவிட்டு அவர் தேடிப் போன இடமும் அந்த வளர்ப்புத் தந்தையின் வீடுதான். வம்சாவளிப் படம் வரைபவர்கள் நிரூபிக்க முடியாத நைட்டுக்குக் கோடு இழுக்கிறார்கள். சாட்சியோடு உள்ள ஊலுதேகாவை அடிக்குறிப்பில் வைக்கிறார்கள். இது நியாயமில்லை.

1836 ஏப்ரல் 21 அன்று சான் ஹசிந்தோவில் மெக்சிகோ படையை முறியடித்து டெக்சஸ் குடியரசின் அதிபரானார். 1861இல், ஆளுநராக இருந்தபோது, அடிமை மாநிலக் கூட்டமைப்புக்கு விசுவாச உறுதி எடுக்க மறுத்துப் பதவி இழந்தார். 1863 ஜூலை 26 அன்று ஹண்ட்ஸ்வில்லில் இறந்தார்.

நகரமும் புதிய பெயர்களும்

அகஸ்டஸ் ஆலன், ஜான் ஆலன் என்ற சகோதரர்கள் 1836 ஆகஸ்டில் பஃபலோ பாயு ஓடைக்கரையில் நிலம் வாங்கி, வெற்றித் தளபதியின் பெயரைச் சூட்டி மனைகளை விளம்பரம் செய்தார்கள். ஒரு நைட் பெற்ற நிலத்தின் பெயர் கடல் தாண்டி மீண்டும் நிலத்துக்கே சூட்டப்பட்டது. 1837 முதல் 1839 வரை அந்நகரமே டெக்சஸ் குடியரசின் தலைநகர். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமும் எண்ணெய்த் தொழிலும் விண்வெளி ஆய்வும் இந்தியர்களை அங்கே வரவழைத்தன. பேர்லண்டில் மீனாட்சி கோயில் எழுந்தது. ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவாயிற்று.

அங்கே வளரும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. தமிழகத்தில் தந்தை பெயர் முன்னெழுத்தாக நின்று ஒரு தலைமுறையோடு மாறிவிடும். அமெரிக்கப் படிவங்கள் கடைசிப் பெயர் கேட்பதால், 1970களில் வந்தவரின் தந்தை பெயரோ அவருடைய சொந்தப் பெயரோ நிலையான குடும்பப் பெயராகிவிட்டது. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு கடைசிப் பெயரோடு இருக்கும் வீடுகள் உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து இவர்களைத் தேடுபவர், பெயர் வேறாக இருந்தும் இரத்தம் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். சாம் ஹூஸ்டனின் சிக்கல் தலைகீழாக. ஊர்ப் பெயரும் தாத்தா பாட்டி பெயர்களும் தாய்வழி ஊரும் எழுதிய ஒரு தாள் அந்த வேலையை எளிதாக்கும். அதை இன்றே எழுதிவைக்க வேண்டியவர்கள் முதலில் வந்தவர்கள்.

ஜோஷுவா ஹூஸ்டன்

ஹூஸ்டன் பெயரைச் சுமந்த எல்லோருக்கும் சாசனம் கிடைக்கவில்லை. சாம் ஹூஸ்டன் அடிமைகளை வைத்திருந்தார். மனைவி மார்கரெட் வழியாக அலபாமாவிலிருந்து வந்தவர் ஜோஷுவா; இரும்பு வேலையும் சக்கர வேலையும் தெரிந்தவர், எழுதப் படிக்கக் கற்றவர். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகளின் அடிமைப் பட்டியலில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டுமே எழுதப்பட்டன. பெயர் இல்லை. விடுதலை பெற்றவர்களின் பெயர்கள் முழுமையாக எழுதப்பட்டது 1870 கணக்கில்தான். ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களைத் தேடும் எவரும் அந்த ஆண்டில் வந்து மோதி நிற்பது அதனால்தான். நில உரிமை இருந்ததால் நைட் ஹியூவின் பேரன் வரை நமக்குப் பெயர் தெரிகிறது. ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் பிறந்த ஜோஷுவாவின் பாட்டனை அப்படித் தேட முடியாது. நம் ஊரிலும் நிலக்கொடைக் கல்வெட்டில் பெயர் உள்ளவனுக்கே வம்சாவளி. அந்த நிலத்தை உழுதவனின் குடும்பம் கல்லில் ஏறவில்லை.

விடுதலைக்குப் பிறகு ஜோஷுவா ஹூஸ்டன் என்ற பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். ஹண்ட்ஸ்வில் நகர மன்றத்திலும் பிறகு வாக்கர் கவுண்டி ஆணையராகவும் பணியாற்றினார். 1888இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதியாகச் சென்றார். அவர் மகன் சாமுவேல் வாக்கர் ஹூஸ்டன் (1864–1945) ஹண்ட்ஸ்வில் அருகே கலீலி என்ற குடியிருப்பில் கறுப்பின மாணவருக்குத் தொழிற்கல்வியோடு கூடிய பள்ளியை நடத்தினார். டெக்சஸில் தங்கள் குடும்பப் பெயரை 1870க்கு முன்னால் கொண்டுபோகத் தேடும் பலர், உடைமையாளர்களின் உயில்களிலும் பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் ‘ஜோஷுவா’ போன்ற ஒற்றைப் பெயர்களைப் பொறுக்கி, அவற்றோடு எழுதிய வயதையும் விலையையும் ஒப்பிட்டுத் தங்கள் முன்னோரை ஒவ்வொருவராக மீட்டுவருகிறார்கள்.